கிளாடிஸ் டீச்சரின் குமிழிகள்

"சார்! வந்துடுச்சுங்க சார்! சீக்கிரம் வாங்க!"

கிளாடிஸ் போட்ட சத்தத்தில் பேராசிரியர் கோபாலசாமி கையில் டீ டம்ளரோடு ஓடி வந்தார். பாதி டீ வழியிலேயே சிந்திப் போனது. ஆய்வுக்கூடத்தில் தீப்பிடித்துவிட்டது என்றுதான் அவர் நினைத்தார். தீ எதுவும் இல்லை. கணினித் திரைக்கு முன்னால் நாற்பது வயதைத் தாண்டிய ஒரு பெண், சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை போலக் குதித்துக்கொண்டிருந்தாள்.

திரையில் ஒரே ஒரு கோடு. தரையோடு தரையாக ஊர்ந்து வந்த கோடு, மேட்டுப்பாளையம் தாண்டியதும் எதிரே நிமிர்கிற மலையைப் போல ஓரிடத்தில் செங்குத்தாக எழும்பி நின்றது. அதுதான் ஹைட்ரஜன்! மாதக்கணக்காக எறும்புப் புற்று உயரத்துக்கு மேல் எழும்பாமல் அவளை அழவைத்த ஹைட்ரஜன்!

"நிஜமாம்மா இது? ஹைட்ரஜனைத் தூண்டிவிட மெத்தனால் எதுவும் ஊத்தலையே?" கோபாலசாமி திரையை நெருங்கிக் குனிந்தார்.

"இல்லீங்க சார். வெறும் தண்ணிதான். என்ற பொடி, வெளிச்சம், வெறும் தண்ணி. வேற ஒண்ணுமே போடலீங்க."

பக்கத்து மேசையில் வேலை செய்துகொண்டிருந்த ஹர்ஷிணி எட்டிப் பார்த்தாள். அவளும் அதே ஆராய்ச்சிதான் செய்கிறாள், ஆனால் பிளாட்டினம் வைத்து. "போச்சு! என்ற பிளாட்டினத்தை இனி வளையலாத்தான் மாட்டிக்கணும்போல இருக்குதுங்க டீச்சர்!" என்றாள்.

கல்லூரிக்கு வந்து இத்தனை காலமாகியும் கிளாடிஸை எல்லோரும் 'டீச்சர்' என்றுதான் அழைப்பார்கள். பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்திய நாட்களில் ஒட்டிக்கொண்ட பெயர். அவளுடைய அப்பா ஞானாபரணம் சிங்காநல்லூர் மில்லில் வேலை பார்த்தவர். மகள் எம்.எஸ்ஸி. தேறிய அன்று, ஷிப்ட் முடிந்து வெளியே வந்தவர்களையெல்லாம் நிறுத்தி, "என்ற மக அடுத்து டாக்டருங்க. ஊசி போடுற டாக்டரில்லை, அதுக்கும் மேல" என்று சொல்லி மிட்டாய் கொடுத்தார். மில் மூடியது. வீட்டுக்கு மூத்தவள் சாக்பீஸைக் கையில் எடுத்தாள். தம்பியைப் படிக்கவைத்தாள், தங்கைக்குக் கல்யாணம் செய்துவைத்தாள். 'டாக்டர்' என்ற சொல்லைத் தன் பெயருக்கு முன்னால் பார்க்காமலே அப்பா கண்ணை மூடினார். அந்தக் கனவு மட்டும் சாகவில்லை. உமிக்குள் போட்ட நெருப்பைப் போல அது உள்ளே கனன்றுகொண்டே இருந்தது. நாற்பதை நெருங்கும்போதுதான் அவள் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தாள்.

ஆராய்ச்சிப் பொருளை அவளுக்குக் கொடுத்தது எந்தப் புத்தகமும் இல்லை. அவள் புருஷன் ஜோஸின் பட்டறைதான்.

சிங்காநல்லூர் குளத்துக்குப் பின்னால் ஜோஸ் ஒரு நிக்கல் பிளேட்டிங் பட்டறை வைத்திருக்கிறான். பம்பு செட்டுக்குப் போகிற சின்னச் சின்ன இரும்புப் பாகங்களைப் பச்சை நிறத் தொட்டியில் தொங்கவிட்டு, கரன்ட் பாய்ச்சி, வெள்ளி போல மின்ன வைத்துக் கொடுப்பது தொழில். கல்யாணமான புதிதில் சாப்பாட்டுக் கூடையோடு அங்கே போனவள், தொட்டிக்குள் கிளம்பிய குமிழிகளை வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இந்தக் குமிழி எனக்கு ஜென்ம விரோதி கண்ணு" என்றான் ஜோஸ். "பீஸ் மேல ஒட்டிக்கிட்டு நின்னுச்சுன்னா ஊசி குத்துன மாதிரி ஓட்டை விழுந்துரும்."

"அது ஹைட்ரஜனுங்க."

"என்ன எழவோ. வரக்கூடாது, அவ்வளவுதான்."

பல வருஷம் கழித்து ஆராய்ச்சிக்குத் தலைப்பு எடுத்தபோது அவள் சிரித்துக்கொண்டே அவனிடம் சொன்னாள்: "நீங்க தொரத்துறதத்தான் நான் வெத்தலை பாக்கு வெச்சு அழைக்கப் போறேனுங்க."

"அப்ப ஒரே ஊட்டுல ரெண்டு கட்சியா?" என்றான் ஜோஸ்.

அவள் அழைத்தது இப்படித்தான். வெள்ளைப் பெயின்டில் கலக்கிற டைட்டானியம் பொடி இருக்கிறதே, அதைத் தண்ணீரில் போட்டு வெளிச்சத்தில் வைத்தால் அதற்குள் மின்துகள்கள் கிளம்பும். ஆனால் கிளம்பின வேகத்தில் அடங்கியும் போகும். அடங்குவதற்குள் அவற்றைப் பிடித்து ஹைட்ரஜனாக மாற்ற, பொடியின் மேல் அங்கங்கே ஓர் உலோகம் ஒட்டியிருக்க வேண்டும். உலகமெல்லாம் அதற்குப் பிளாட்டினத்தைப் போடுகிறார்கள். நகைக்கடையில் கண்ணாடிக்குள் வைத்துக் காட்டுகிற பொருளை எந்த ஏழை நாடு தண்ணீரில் கரைத்து விளையாட முடியும்? கிளாடிஸ் நிக்கலைப் பிடித்துக்கொண்டாள். வெள்ளைப் பொடி சாம்பல் நிறமானது. எரித்தால் புகையே வராத எரிபொருள், சூரியன் தருகிற எரிபொருள், நம் ஊர்ப் பட்டறை உலோகத்தில் கிடைக்கிற எரிபொருள்! நினைக்கும்போதே அவளுக்கு உடம்பு சிலிர்க்கும்.

சிலிர்ப்பு மட்டும் போதுமா? இந்த மாதத்தோடு அவளுடைய பதிவுக்காலம் முடிகிறது. ஏற்கெனவே ஒரு முறை நீட்டித்தாகிவிட்டது. வரும் புதன்கிழமை நிபுணர் குழு கூடுகிறது. காட்டுவதற்கு உருப்படியாக எதுவும் இல்லையென்றால் பதிவு ரத்து. அப்பாவின் மிட்டாய் வெறும் மிட்டாயாகவே போய்விடும்.

அந்த நிலையில்தான் அந்த வெள்ளிக்கிழமை அந்த மலை எழும்பியது.

கோபாலசாமி துறைத்தலைவரிடம் ஓடினார். துறைத்தலைவர் முதல்வரிடம் ஓடினார். மைசூர்பாகு வந்தது. 'தூய தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன், நம் கல்லூரியின் சாதனை' என்று வாட்ஸ்அப் குழுவில் செய்தி பறந்தது. மைசூர்பாகைக் கையில் வைத்துக்கொண்டே கோபாலசாமி ஒன்று மட்டும் சொன்னார்: "திங்கக்கிழமை ஆக்சிஜனையும் அளந்து வெச்சுரும்மா. தண்ணி உடைஞ்சா ரெண்டும் வரணும் இல்லையா?"

"பார்த்துடறேனுங்க சார்."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர், "ஆண்டவர் செய்ததைச் சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் வரலாம்" என்றார். கிளாடிஸின் கால்கள் தாமாக எழுந்தன. ஒலிபெருக்கியின் முன்னால் நின்று, கண்ணீர் வழிய வழியச் சொன்னாள்: "எல்லாக் கதவும் மூடிப்போச்சுன்னு இருந்தேன். ஆண்டவர் எனக்கு வெறும் தண்ணியிலேயே கொடுத்தார். வேற எதையும் சேர்க்கல. வெறும் தண்ணி!" சபை முழுவதும் கைதட்டியது. பின்வரிசையில் ஜோஸ் மூக்கைச் சிந்தினான்.

திங்கட்கிழமை.

புதுத் தண்ணீர், அதே பொடி, அதே விளக்கு. ஊசியை ரப்பர் மூடிக்குள் குத்தி வாயுவை எடுத்துக் கருவிக்குள் செலுத்தினாள். கோடு ஊர்ந்தது. ஊர்ந்துகொண்டே இருந்தது. மலை எழும்ப வேண்டிய இடத்தில் பழைய எறும்புப் புற்று!

மறுபடி செய்தாள். மறுபடியும் புற்று. விளக்கை மாற்றினாள், மூடியை மாற்றினாள், பொடியைப் புதிதாக எடுத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. வெள்ளிக்கிழமைத் தண்ணீர் கொஞ்சம் ஒரு பாட்டிலில் மிச்சம் இருந்தது. அதை ஊற்றிப் பார்த்தாள். எழும்பியது மலை! ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தாள். அங்கே ஒன்றுமே இல்லை. தண்ணீர் உடைந்தால் இரண்டு பிள்ளைகள் பிறக்க வேண்டும். அக்கா வந்திருக்கிறாள், தம்பியைக் காணோம்!

"டீச்சர், நீங்க தண்ணி கொண்டார கேனுக்குள்ள பேய் இருக்குதுங்க" என்றாள் ஹர்ஷிணி.

வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் கிளாடிஸின் கண் அந்தக் கேனுக்குத் திரும்பியது. கல்லூரியில் தண்ணீரைக் காய்ச்சி வடிக்கிற கருவி, சூடேற்றும் சுருள் எரிந்து கிடந்ததால் பட்டறையிலிருந்துதான் அவள் சுத்தத் தண்ணீர் கொண்டுவருகிறாள். பிளேட்டிங் தொட்டிக்கு உப்பெல்லாம் நீக்கிய தண்ணீர் வேண்டும்; அதற்கு ஜோஸ் ஒரு யந்திரம் வைத்திருக்கிறான். அதைப் பிடித்துவர ஒரு புது வெள்ளைக் கேன் வாங்கியிருந்தாள். வெள்ளிக்கிழமைத் தண்ணீரும் அந்தக் கேனில் வந்ததுதான். இன்றைய தண்ணீரும் அதே கேனில் வந்ததுதான். அதே யந்திரம், அதே குழாய். பிறகு என்ன வித்தியாசம்?

சாயங்காலம் வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தும்போது பக்கத்து வீட்டு ராசாத்தாள் கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள். கறவை மாடு வைத்திருக்கிறவள், வீதியில் யாருக்கு என்ன விசேஷம் என்றாலும் முதல் ஆளாக நிற்கிறவள்.

"ஏனுங்க அம்மணி, அந்த வெள்ளைக் கேன் சும்மா இருக்குதுங்களா? நாளைக்கு மாரியம்மனுக்கு மறுபூசைங்க. தீர்த்தம் கொண்டார ஒரு நேரத்துக்குக் குடுத்தீங்கன்னா ஆச்சு."

"எடுத்துக்குங்கக்கா. இனி அதுக்கு வேலை இருக்குமோ என்னமோ."

"அட, என்னாச்சுங்க? மொகம் இப்படி வாடிக் கெடக்குது?"

அதற்குள் ஜோஸும் வெளியே வந்தான். கிளாடிஸ் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். சொல்லச் சொல்ல அழுகை முட்டியது. "போன வாரம் இந்தக் கேன் தண்ணியில வந்தது இந்த வாரம் வரமாட்டேங்குதுக்கா. அப்ப உள்ள என்னமோ இருந்திருக்குது. போன புதன்கிழமை பவானிக்குத் தீர்த்தம் எடுக்க நீங்கதான் கொண்டுட்டுப் போனீங்க. நல்லாக் கழுவித்தான குடுத்தீங்க?"

ராசாத்தாளுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "அதென்னங்க அம்மணி இப்படிக் கேக்கறீங்க? கூடுதுறைத் தண்ணி ஒரு பொட்டு இல்லாம, சுடுதண்ணி ஊத்தி அலசி, வெயில்ல கவுத்துக் காயவெச்சுத்தானுங்க குடுத்தேன். அப்பறம் வெறுசாக் குடுக்கப்படாதுன்னு ஒரு கை சக்கரை போட்டேன். அவ்வளவுதானுங்க!"

கிளாடிஸ் தலையைத் தூக்கினாள்.

"என்ன போட்டீங்க?"

"சக்கரைங்க. ஒருத்தரு ஊட்டுப் பாத்திரத்தை வெறும் பாத்திரமாத் திருப்பிக் குடுப்பாங்களா? நாட்டுச் சக்கரை போட்டா கேன் கறையாயிருமேன்னு, புதுக் கேனாச்சேன்னு, வெள்ளைச் சக்கரையாப் பார்த்துப் போட்டேன்."

கிளாடிஸ் மெல்லத் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். ஜோஸ் தலையைச் சொறிந்தான்.

"வியாழக்கிழமை சாயங்காலம் கேன் வாசல்ல இருந்துச்சு. உனக்கு அலைச்சல் எதுக்குன்னு நானே பட்டறைக்குக் கொண்டுட்டுப் போயி, குழாயைச் சொருகி ரொப்பிக்கொண்டாந்து வெச்சேன். உள்ளே எவன் எட்டிப் பார்த்தான்?"

ஒருத்தியின் மரியாதை, ஒருவனின் அன்பு. இரண்டும் சேர்ந்து அவளுடைய ஆராய்ச்சியின் தலையில் சர்க்கரையைக் கொட்டிவிட்டன! கிளாடிஸுக்கு முதலில் சிரிப்பு வந்தது. சிரித்துச் சிரித்து மூச்சுத் திணறியது. அப்புறம் அதே சிரிப்பு எப்போது அழுகையானது என்று அவளுக்கே தெரியவில்லை.

ராசாத்தாள் பதறிப் போனாள். "அய்யோ சாமி! உங்க பொழப்புல நான் மண்ணள்ளிப் போட்டுட்டேனுங்களா?"

"மண்ணில்லீங்கக்கா. சக்கரை" என்று சொல்லி அவளைக் கட்டிக்கொண்டாள் கிளாடிஸ்.

உள்ளே போனதும் ஜோஸ் அவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு கொடுத்தான். பிறகு சொன்னான்: "எங்க தொழில்ல துருப்பிடிச்ச பீஸுக்கு மேலயும் பளபளன்னு பூசிக் குடுத்துர முடியும் கண்ணு. வாங்கிட்டுப் போறவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அன்னிக்குச் சோறு எறங்காது."

"நான் என்னங்க மறைக்கப் போறேன்னா சொன்னேன்?"

"நீ சொல்லல. உன்ற மூஞ்சி யோசிச்சுது."

அவள் தலையணையை எடுத்து அவன் மேல் எறிந்தாள்.

செவ்வாய்க்கிழமை ஆய்வுக்கூடம் திறந்ததும் அவள் செய்த முதல் வேலை, திங்கட்கிழமைத் தண்ணீரில் ஒரு சிட்டிகை சர்க்கரை போட்டதுதான். மலை எழும்பியது! கூடவே, ஆக்சிஜனுக்குப் பதிலாகக் கரியமில வாயு வந்தது. எல்லாம் விளங்கிவிட்டது. வெளிச்சம் பட்டதும் பொடிக்குள் ஒரு மின்துகள் கிளம்பிப் போனால் அந்த இடத்தில் பள்ளம் விழும். பள்ளம் நிரம்பாவிட்டால் போன துகள் திரும்பி வந்து விழுந்துவிடும். வெறும் தண்ணீருக்கு அந்தப் பள்ளத்தை நிரப்பத் தெம்பில்லை. சர்க்கரை ஓடிவந்து நிரப்புகிறது. தான் உடைந்துபோய், ஹைட்ரஜனை வெளியே விடுகிறது.

கோபாலசாமி முழுவதையும் கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "முதல்வர்கிட்ட சொல்லியாச்சு. வாட்ஸ்அப்புல போட்டாச்சு. மைசூர்பாகும் தின்னாச்சு" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "வெள்ளிக்கிழமை கிராஃப் கையில இருக்குது. நாளைக்கு அதைக் காட்டினா... கேனைப் பத்தி யாரும் கேட்கப் போறதில்லை" என்று இழுத்தார்.

"ஆக்சிஜன் எங்கேன்னு கேட்டா சார்?"

"கேட்கலைன்னா?"

"அது இன்னும் மோசமுங்க சார். நான் சர்ச்சுல நின்னு சாட்சி சொல்லியிருக்கேன். வெறும் தண்ணின்னு."

அவர் முகம் சிவந்தது. குளிர்ந்துபோன டீயை ஒரே மடக்கில் குடித்தார். "நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதும்மா. சரி, சொல்லு. நாளைக்கு என்ன காட்டலாம்?"

"நடந்ததைக் காட்டலாமுங்க. பக்கத்துல பக்கத்துல வெச்சு."

புதன்கிழமை காலை நிபுணர் குழு வந்து உட்கார்ந்ததும் மின்விசிறிகள் நின்றன. மாதாந்திரப் பராமரிப்புக்காக அந்தப் பகுதி முழுவதும் மின்நிறுத்தம். செய்தித்தாளில் போட்டிருந்தார்கள், பதற்றத்தில் யாரும் பார்க்கவில்லை. கல்லூரியின் ஜெனரேட்டர் அலுவலகத்துக்கு மட்டும்தான். விளக்கு எரியாது, கருவி ஓடாது, தண்ணீரைக் கலக்குகிற யந்திரம் சுற்றாது. கிளாடிஸுக்கு உலகமே இருட்டிக்கொண்டு வந்தது.

வெளியூரிலிருந்து வந்திருந்த நிபுணர் வெங்கடபதி, சிரிப்பு என்பதையே மறந்துபோன முகம் கொண்டவர். ஃபைலை மூடினார். "இன்னொரு நாள் வெச்சுக்கலாம்."

"இன்னொரு நாள் இல்லீங்களே சார். என்ற பதிவு இந்த மாசத்தோட முடியுதுங்க."

"மின்சாரமே இல்லாம என்னம்மா காட்டுவீங்க?"

கிளாடிஸ் ஜன்னலைப் பார்த்தாள். ஐப்பசி வானம். மேகங்கள் நடுவே ஒரு கீற்று வெயில் எதிர்க் கட்டடத்தின் சுவரில் விழுந்து கிடந்தது. அவளுக்குள் என்னவோ பொங்கி எழுந்தது.

"சூரியன் இருக்குதுங்களே சார்!"

மொட்டை மாடியில் கண்ணாடிக் குடுவைகள் வரிசையாக அமர்ந்தன. முதல் குடுவையில் நிக்கல் ஒட்டிய பொடியும் வெறும் தண்ணீரும். அடுத்ததில் சர்க்கரைத் தண்ணீரும், நிக்கல் இல்லாத வெள்ளைப் பொடியும். அதற்கடுத்ததில் சர்க்கரைத் தண்ணீரும் நிக்கல் பொடியும். கடைசியாக, கல்லூரி வாசலில் கரும்புச் சாறு விற்கிறவர் டம்ளர் கழுவிய வாளித் தண்ணீர். அதை ஹர்ஷிணி தன் துப்பட்டாவில் வடிகட்டிக் கொண்டுவந்திருந்தாள். எல்லாவற்றிலும் இருந்த காற்றை விரட்டிவிட்டு, ஒவ்வொன்றின் தலையிலும் தண்ணீர் நிரம்பிய சோதனைக் குழாயைக் கவிழ்த்து வைத்தாள் கிளாடிஸ்.

வைத்துவிட்டு நிமிர்ந்து, யாரும் கேட்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் சொன்னாள். கேன், கூடுதுறைத் தீர்த்தம், ஒரு கை சர்க்கரை, புருஷன் நிரப்பிய தண்ணீர், வாட்ஸ்அப் செய்தி, எதையும் விடவில்லை. "போன வாரம் நாங்க சொன்னது தப்புங்க சார். அது வெறும் தண்ணி இல்லை."

கோபாலசாமி தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். வெங்கடபதியின் முகத்தில் ஒரு தசைகூட அசையவில்லை.

"சர்க்கரை போட்டு ஹைட்ரஜன் எடுக்கிறது புதுசு இல்லையேம்மா. நெறையப் பேர் செஞ்சாச்சு."

"ஆமாங்க சார். ஆனா பிளாட்டினம் வெச்சு, சுத்தமான சர்க்கரையில செஞ்சிருக்காங்க. நான் நிக்கல் வெச்சு, கழுவிக் கீழே ஊத்துற தண்ணியில எடுக்க முடியுமான்னு பார்க்கறேன். வருமான்னு எனக்கும் தெரியாதுங்க. அதுதான் கடைசிக் குடுவை."

"பொடி அடியில தங்குதே? யார் கலக்குறது?"

"கையாலதானுங்க சார்."

ஹர்ஷிணி ஒரு குடுவையைப் பிடித்துச் சுழற்றினாள். கோபாலசாமி ஒன்றை எடுத்துக்கொண்டார். கிளாடிஸ் இரண்டு கையிலும் பிடிக்க முடியாமல் தடுமாறினாள். சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்த வெங்கடபதி, கோட்டைக் கழற்றிக் கைப்பிடிச் சுவரில் போட்டுவிட்டு, "அதைக் கொடுங்க" என்று கரும்புத் தண்ணீர்க் குடுவையை வாங்கினார்.

அதே நேரம் பாலக்காட்டுப் பக்கமிருந்து வந்த மேகம் சூரியனை மூடியது. கிளாடிஸ் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். உதடுகள் மட்டும் அசைந்தன. ஏற்கெனவே ஒரு முறை ஆண்டவர் பெயரைச் சொல்லித் தவறாகச் சாட்சி சொன்னவள் இன்னொரு முறை எந்த முகத்தோடு கேட்பது? ஆனாலும் கேட்டாள். மேகம் விலகியது. வெயில் சுள்ளென்று இறங்கியது.

"டீச்சர்! இங்க பாருங்க!" ஹர்ஷிணி கத்தினாள்.

சர்க்கரைத் தண்ணீரில், சாம்பல் நிறக் கலங்கலுக்குள்ளிருந்து, கடுகை விடச் சிறிய குமிழிகள். ஒன்று, இன்னொன்று, பிறகு கூட்டமாக! கண்ணாடியோடு ஒட்டி ஏறி, கவிழ்த்த குழாயின் உச்சியில் போய்ச் சேர்ந்தன. ஜோஸ் பட்டறையில் விரோதி என்று துரத்துகிற அதே குமிழிகள்! "வா கண்ணு, வா" என்று அவள் முணுமுணுத்ததைக் கோபாலசாமி கேட்காதவர் போல இருந்துகொண்டார்.

மதியச் சாப்பாட்டு வேளையில் குழாய்களை விரலால் அடைத்து எடுத்தாள். உள்ளே ஹைட்ரஜன் இருந்தால் நெருப்பைக் காட்டியதும் வெடிக்கும். தீக்குச்சியை ஹர்ஷிணி உரசினாள்.

வெறும் தண்ணீரின் குழாயில் நெருப்பு சும்மா அசைந்து அணைந்தது. நிக்கல் இல்லாத குழாயிலும் அப்படியே. நிக்கலும் சர்க்கரையும் சேர்ந்த குழாயின் வாயில் குச்சியைக் காட்டியதும், "டப்!"

கைப்பிடிச் சுவரில் இருந்த புறாக்கள் பறந்தன. கடைசிக் குழாய் வெங்கடபதியின் கையில் இருந்தது. அவர் குச்சியை வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. தானே உரசினார், தானே காட்டினார்.

சின்னதாக, ஆனால் தெளிவாக, "டப்."

கரும்புச் சாற்று டம்ளர் கழுவிய தண்ணீர் பேசிவிட்டது! கிளாடிஸ் அப்படியே வெயிலில் காய்ந்த தரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அது தோற்றவள் அழுகை இல்லை என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரிந்தது.

வெங்கடபதி கோட்டை மாட்டிக்கொண்டார். "தலைப்பில இருக்கிற 'தூய நீர்' என்கிற வார்த்தையை எடுத்துருங்க. 'இனிப்புக் கழிவுநீர்'னு போடுங்க. ஒழுங்கா அளந்து, எத்தனை தடவை செஞ்சாலும் இதே மாதிரி வருதான்னு காட்டணும். நீட்டிப்புக்கு நான் எழுதித் தர்றேன். அளவெல்லாம் சரியா இருந்தா பட்டத்துக்கு நான் குறுக்கே நிக்க மாட்டேன்." படிக்கட்டு வரை போனவர் திரும்பினார். "ஆமா, சர்க்கரை போட்ட அந்தம்மா பேர் என்ன சொன்னீங்க?"

"ராசாத்தாளுங்க சார்."

"நன்றி சொல்ற பக்கத்தில அவங்க பேரை எனக்கு முன்னால போடுங்க" என்றார். அப்போது அந்த முகம் சிரித்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போதகர் சாட்சிக்கு அழைத்தபோது கிளாடிஸ் மறுபடி எழுந்தாள். இந்த முறை ஒலிபெருக்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நிபுணர்களுக்கு முன்னால்கூட அவள் இவ்வளவு பயப்படவில்லை. பின்வரிசையில் ஜோஸுக்குப் பக்கத்தில், விசேஷத்துக்குக் கட்டுகிற பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு, கைகளை மடியில் கோத்தபடி ராசாத்தாள் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். "உங்க கோயில்ல நான் என்னத்தைப் பண்றதுங்க?" என்று கேட்டவளைக் கிளாடிஸ்தான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"போன வாரம் இதே இடத்துல நின்னு, வெறும் தண்ணின்னு சொன்னேன்" என்று ஆரம்பித்தாள் கிளாடிஸ். "அது வெறும் தண்ணி இல்லைங்க. எனக்குத் தெரியாம அதுல சர்க்கரை இருந்துச்சு. ஆண்டவர் குடுத்தார்னு சொன்னேன். குடுத்தது உண்மைதான். ஆனா எங்க பக்கத்து ஊட்டு அக்கா கையாலதான் குடுத்தார். கேனைத் திருப்பிக் குடுக்கும்போது அதுக்குள்ள ஒரு கை சக்கரை போட்டு..."

முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரிப்பு பரவியது. தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்த ராசாத்தாளுக்குப் பொறுக்கவில்லை. பட்டுச் சேலை சரசரக்க எழுந்து நின்றாள்.

"அதெப்படிங்க வெறுசாத் திருப்பிக் குடுக்கறது?" என்று சபை முழுக்கக் கேட்கும்படி கேட்டாள். "நீங்கெல்லாம் வெறுசாவா குடுப்பீங்க?"

"இல்லீங்க, இல்லீங்க" என்று பெண்கள் பக்கத்திலிருந்து பல குரல்கள் வந்தன. போதகர் பாட்டுப் புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டார். அடுத்த பாட்டின் எண்ணைச் சொல்ல இரண்டு தடவை வாயைத் திறந்தும் அவரால் முடியவில்லை.